கேப்டன் துரை கொடுத்த சீட்டு

மெட்ரிகுலேஷன் எழுதிவிட்டு எங்கள் தங்கச் சுரங்கத்து ஊரான ஊரிகம் ஸ்டேஷனில் வந்து இறங்கிய நாளிலிருந்து, தொழிலாளர் லைன் வீட்டுக்காரர்கள் என்னை விடவில்லை. "இன்னாப்பா, காலேஜி கெடைக்குமா?" குழாயடியில் கேட்டார்கள், ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் நின்று கேட்டார்கள். எனக்கே தெரியாததை எத்தனை பேருக்குச் சொல்வது? இங்கிலீஷ் தேறும், சரித்திரம் தேறும், கணக்கில் கடைசி இரண்டு கேள்வியைத் தொடவே இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒருநாள் கிடைக்கும் போலிருக்கும், மறுநாள் கிடைக்காது போலிருக்கும். சே, என்று ஆகிவிட்டது.

தேறினேன், கடைசித் தரத்தில். பெங்களூர்க் காலேஜில் இடமோ கொஞ்சம். விண்ணப்பத்தோடு தலைமையாசிரியரின் சான்று ஒன்றும், குடும்பத்தை அறிந்த கௌரவமான ஒருவரின் சான்று ஒன்றும் கேட்டிருந்தார்கள். இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டியதுதான் நான் செய்த தப்பு.

அப்பா சுரங்கத்துக்குள் கூரை இடியாமல் மரம் முட்டுக் கொடுக்கிறவர். வேலை, வீடு, ஷிப்ட் மாற்றம் எல்லாமே சுரங்கத்து வெள்ளைக்கார அதிகாரியான கேப்டன் துரை எழுதித்தரும் சீட்டில்தான் நடக்கும் என்பது அவர் கண்ட உலகம். மறுநாளே சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலில் துரையை மடக்கி ஒரு சீட்டு வாங்கிவந்துவிட்டார். படித்தேன். பற்றிக்கொண்டு வந்தது. 'நல்ல உடற்கட்டுள்ள பையன். குடிப்பதில்லை. சொன்னபடி கேட்பான். எந்த லெவலிலும் எந்த ஷிப்டிலும் இறக்கலாம்.'

"படிப்பப் பத்தி ஒரு வரி கூட இல்லப்பா இதுல."

"படிப்புக்குத்தான் வாத்தியாரு குடுத்துகீறாரே. இது நீ யாருன்னு சொல்றதுக்கு. தொர கையெழுத்துடா. எல்லாத்துக்கும் மேல வெச்சி அனுப்பு."

"காலேஜில இன்னா, சுரங்கத்து கேஜ்ல ஏத்தி எறக்கப் போறாங்களா? சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். நீ வெச்சி அனுப்பு."

இவரிடம் பேசி மாளாது என்று தலையாட்டினேன். சீட்டை என் டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் தள்ளினேன். தலைமையாசிரியரின் சான்றே இரண்டுக்கும் போதும் என்று நானே முடிவுகட்டித் தபாலில் போட்டேன். மெட்ரிகுலேஷன் தேறிய மேதாவி அல்லவா!

பதில் இரண்டே வரி. மதிப்பெண்ணைப் பற்றி ஒரு குறையும் இல்லை. கௌரவமான ஒருவரின் சான்று இணைக்கப்படாததால் விண்ணப்பம் பரிசீலிக்கப்படவில்லை, இடங்கள் நிரம்பிவிட்டன.

"இன்னா எழுதிகீறாங்க?" என்று அப்பா கேட்டார்.

"எடம் இல்லையாம்."

"தொர லெட்டரு வெச்சியா?"

"வெச்சேன்."

அப்பா சுரங்கத் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "நீ அப்பவே சொன்ன, அது சரியில்லன்னு. நாந்தான் கேக்கல" என்றார். பிறகு, "இத்தன வருசம் அவன்கிட்ட ஒழைச்சேன். எம் புள்ளைக்கு நாலு வரி ஒழுங்கா எழுத மனசு வரல பாரு" என்றார். துரையை அவர் 'அவன்' என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அதோடு துரைக்குச் சலாம் வைப்பதை நிறுத்திவிட்டார். துரை அதைக் கவனிக்காமல் இருப்பாரா? இரண்டே வாரத்தில் அப்பாவை அடி லெவலுக்கு மாற்றினார்கள், அனல் தாங்காமல் ஆட்கள் மயங்கி விழுகிற இடம். வேலையை விடும்வரை அப்பா அங்கேதான் இறங்கினார். சீட்டு என் பெட்டியிலேயே கிடந்ததை நான் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.