ராத்தாவின் செருப்பு

கல்முனையில் முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவர் கச்சிமுகம்மது. எந்த ஆண்டில் எந்த மாணவன் வகுப்பில் எந்த வாங்கில் அமர்ந்திருந்தான் என்று கேட்டால், கேட்ட வாய் மூடுமுன் சொல்லிவிடுவார். தம் நினைவைக் குறித்து அவருக்குச் சற்றே கர்வமும் உண்டு. சென்ற மாசியில் ஒரு பிரெஞ்சுப் படம் அந்தக் கர்வத்தை அடக்கியது.

ஒலுவில் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கும் அவருடைய பழைய மாணவி முஸ்பிறா அதைக் கொண்டுவந்தாள். அறுபது ஆண்டுக்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படம். அங்குள்ள திரைப்பட வட்டத்தில் காட்டவிருந்தார்கள்.

"சேர், இங்கிலீஷ் வரி கீழ ஓடுது. அதத் தமிழாக்கித் தந்தாப் போதும். அரைவாசி நேரம் ஒருத்தரும் ஒண்டும் கதைக்கிறல்ல."

"அப்ப எனக்கும் அரைவாசி வேலைதான்," என்று வாங்கிக்கொண்டார்.

கதை சிறியது. போர் முடிந்தபின் ஒருத்தி ஆற்றங்கரை ஊருக்குத் திரும்பி வருகிறாள். அவள் காதலித்தவன் போரில் மாண்டுபோனான். அங்கே தோணி செலுத்துகிற ஒருவன் அவளை விரும்புகிறான். நடு ஆற்றில் ஒரு மாலை, அவள் தன்னையறியாமல் இறந்தவனின் பெயரைச் சொல்லித் தோணிக்காரனை அழைக்கிறாள். அவன் திருத்தவில்லை. "என்ன?" என்று கேட்கிறான். அன்றிலிருந்து அந்தப் பெயருக்குள்ளேயே வாழத் தொடங்குகிறான்.

அந்த ஒற்றைச் சொல்லைக் கடக்க முடியாமல் மூன்று நாள் தவித்தார் கச்சிமுகம்மது. அசர் தொழுகை முடிந்த ஒரு பொழுதில் மடிக்கணினியின் முன் இருந்தபடி, "இவனுக்கு ரோசம் இல்லியா புள்ள? வேற ஆள்ர பேருக்கு 'என்ன' எண்டு கேட்கிறான்," என்றார்.

பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்த மனைவி றாஹிலா நிமிரவில்லை. "தேத்தண்ணி ஆறுது மச்சான். குடிச்சிட்டு அவன்ட ரோசத்தத் தேடுங்க."

றாஹிலா அவருக்கு இரண்டாவது மனைவி. முதல் மனைவி சுபைறா இவளுடைய ராத்தா, உடன்பிறந்த அக்கா. கடல் பொங்கிய அந்த மார்கழிக் காலையில் சுபைறா போனாள். அவளுடைய படங்களும் உடுப்புகளும் வீட்டோடு போயின. அவ்வூர்களில் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வான். பெண் போய்விட்டால் மாப்பிள்ளைக்கு அங்கே என்ன உறவு? மாமியார் சல்மா உம்மா அந்த உறவை அறுக்க மனமின்றி, இரண்டு ஆண்டு கழித்து இளையவளை அவருக்கே முடித்துவைத்தார். முன்பு மச்சான் என்று அழைத்தவள் பின்பும் மச்சான் என்றே அழைத்தாள்.

"எனக்கெண்டா இப்பிடி ஆள் மாறாது," என்றார் அவர். "கடற்கரைப் பள்ளிக் கொடியேத்தத்துல உன்ட செருப்பு அறுந்திச்சே, என்ட செருப்பத் தந்திட்டு நான் வெறுங்காலோட சுடுமணல்ல வந்தனே, அது கூட நேத்துப் போல இரிக்கி."

"ஓம் மச்சான்."

பதினாறு ஆண்டுகளாக, இக்கதையை அவர் சொன்னபோதெல்லாம் ஆமாம் என்று ஒத்துக்கொண்டு அவள் சொன்ன அதே "ஓம்". ஆனால் அன்று அது தோணிக்காரனின் குரலாகக் கேட்டது. அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். இடக் கன்னத்தில் இரண்டு அம்மைத் தழும்புகள். அவை வந்தது எந்த ஆண்டு என்று அவருடைய பேர்பெற்ற நினைவு தேடிப் போயிற்று. போன இடத்தில் நின்றுவிட்டது. கடற்கரைப் பள்ளிவாசலின் அந்தக் கொடியேற்றத்தின்போது றாஹிலா அம்மை கண்டு அறைக்குள் கிடந்தாள்.

"புள்ள, அந்தச் செருப்பு..."

"ராத்தாட செருப்பு. சிவப்பு வார் போட்டது."

"ஏன் இவ்வளவு காலமும் செல்லல்ல?"

"செல்லியிருந்தா அந்தக் கதைய விட்டிருப்பீங்க. இந்த வீட்டுல ராத்தாவப் பத்தி வேற ஆரு கதைக்கிற?" கொட்டையின் தோலை ஒதுக்கி வைத்தாள். "அண்டைக்கு எனக்கெண்டு ஒரு பொதி மஸ்கற் வாங்கிவந்து உம்மாட கையில குடுத்தீங்க. அதுதான் என்ட. அத நீங்க ஒருநாளும் செல்லல்ல."

மஸ்கற் வாங்கியது அவருக்கு நினைவே இல்லை.

இறந்தவளின் காலிலிருந்து செருப்பைக் கழற்றி, உயிரோடிருப்பவளின் காலில் மாட்டியிருக்கிறோம். இவளுக்கென்று இருந்த ஒரு பொதி இனிப்பையும் தொலைத்துவிட்டோம். மறுமையில் இருவரும் முன்னே நின்றால் யாரிடம் முதலில் மன்னிப்புக் கேட்பது? அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகும் அவர் எழவில்லை. பள்ளிவாசலுக்குப் போகாமல் வீட்டிலேயே தொழுதார். எத்தனை றக்அத் முடிந்ததென்ற எண்ணிக்கை இடையில் தடுமாற, மறுபடியும் தொழுதார்.

றாஹிலாவுக்கே உரிய ஏதாவது ஒன்றைத் தேடி எடுத்து அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று அதன்பின் பல நாள் முயன்றார். ஒன்று அகப்படும், "இது அவளா, இவளா?" என்ற ஐயம் உடனே எழும்; அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவார்.

படம் காட்டிய நாளில் றாஹிலாவையும் அழைத்துச் சென்றார். தோணிக் காட்சி வந்தது. திரையின் அடியில் அவர் எழுதிய சொல் தோன்றியது. "என்ன?" என்று அவர் எழுதவில்லை. "ஓம்" என்று எழுதியிருந்தார். றாஹிலா அதை வாசித்தாள். பக்கத்தில் இருந்தவரைப் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது கடற்காற்று அவளுடைய முந்தானையை இழுத்தது.

"இண்டைக்கு உன்ன இஞ்ச கூட்டிவந்தத மறக்க..." என்று தொடங்கினார். சுபைறாவிடமும் இதே சொற்களை ஒருநாள் சொன்னது நினைவுக்கு வர, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். "மறந்தாலும் பறவால்ல மச்சான்," என்றாள். "வேற ஆளுக்குக் குடுத்திராதீங்க."

அவர் குனிந்து அவளுடைய செருப்பைப் பார்த்தார். மண்ணிறம், வலக்கால் வாரில் ஒரு தையல் பிரிந்திருந்தது. பேருந்து வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.