அத்தைக்குப் புரியாத பிரெஞ்சு

எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஒரு கடிதம் எழுதுவதற்குள் இரண்டு தாளைக் கிழித்துப் போடுகிற ஆள். ஒரு மொழியை அடி ஆழம் வரை படித்த பெண்ணைப் பற்றி நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த வருடங்களில் ஒன்று. நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். மங்கலம் ரோட்டில் அப்பா பன்னிரண்டு மெஷின் போட்டு ஒரு பனியன் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை, என் அத்தை, பாண்டிச்சேரியில் பி.ஏ. பிரெஞ்சு முடித்து, எம்.ஏ.வும் அதையே படித்தாள். எம்.ஏ. முதல் வருடம் முடிந்து லீவுக்கு வந்திருந்தாள். தலையணை மாதிரி ஓர் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு பழைய நாடகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக பிரெஞ்சிலேயே கட்டுரை எழுதுவாள். ஒரு வரியை நாலு விதமாக எழுதிப் பார்த்து நாலையும் அடிப்பாள். எங்கள் வீட்டுக்குத் தெரிந்த பிரெஞ்சோ, பனியன் கழுத்துக்குள் வைத்துத் தைக்கிற சலவைக் குறிப்புச் சீட்டு மட்டும்தான்.

"படிச்சது போதும், கல்யாணத்தைப் பண்ணிரலாம்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில், பிரான்சிலிருந்து சரக்கு வாங்குகிற இரண்டு பையர்கள் எங்கள் கம்பெனியைப் பார்க்க வருவதாக, ஆர்டர் பிடித்துத் தருகிற ஏஜென்ட் போன் செய்தார். அப்பாவுக்கு உடனே ஒரு யோசனை.

"அம்மிணி, நீ செக்கிங் டேபிள்ல வேலைக்காரப் புள்ள மாதிரி உக்காந்துக்க. அவங்களுக்குள்ள என்ன பேசறாங்கன்னு கேட்டுச் சொல்லு. சொல்லிட்டீன்னா அடுத்த வருசத்துக்கு நானே காலேஜுல கொண்டுபோய் உட்டுட்டு வர்றேன்."

"ஒளிஞ்சு கேக்கறது நல்லா இருக்குமாங்ணா?"

"ஒளியெல்லாம் வேண்டாம். எதுக்காலயே உக்காந்து கேளு."

அத்தை பழைய சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பனியனில் தொங்கும் நூல்பிசிரை வெட்டுகிற சின்னக் கத்தரியோடு மேசையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில்.

பையர்கள் இருவரும் கறுப்பு பேன்ட் போட்டிருந்தார்கள். தையல் ஓடுகிற இடத்தில் கறுப்புத் துணி என்ன பாடுபடும் என்பது பனியன் கம்பெனியில் நின்றவர்களுக்குத் தெரியும். முழங்கால் வரை பஞ்சு. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, குனிந்து, உயரமானவரின் காலைத் தட்டிவிட ஆரம்பித்தார். விருந்தாளியின் உடம்பில் தூசி இருந்தால் அவர் அப்படித்தான். உயரமானவர் மற்றவரைப் பார்த்து பிரெஞ்சில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அப்பாவும் நிமிர்ந்து கூடவே சிரித்தார்.

அத்தையின் கத்தரி பனியன் துணிக்குள் இறங்கிவிட்டது. விரல் நுழைகிற ஓட்டை. மடித்து அடுக்குக்கு அடியில் செருகினாள்.

அவர்கள் கார் ஏறியதும் அப்பா வழியனுப்பப் போனார். நான் விடவில்லை. "ஏனுங்கத்தை, என்ன சொன்னாங்க?"

அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இன்னுங் கொஞ்ச நேரம் நின்னா நம்ம ஷூவையும் நக்கித் தொடைப்பான், ஆர்டரை வேற கம்பெனிக்குக் குடுக்கப்போறோம்னு சொல்லாமலே கிளம்பிரலாம்னு சொன்னாங்க. அப்பா கிட்டச் சொல்லீராத கண்ணு. எம்மேல சத்தியம்."

அப்பா துள்ளிக்கொண்டு வந்தார். "என்ன அம்மிணி? சிரிச்சாங்களே, சரக்கு பிடிச்சுப்போச்சா?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். "வேகமாப் பேசிட்டாங்ணா. எனக்குப் புரியலீங்க."

"ஒரு வார்த்தை கூடவா?"

"இல்லீங்ணா."

மெஷின்களுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கட்டிங் மாஸ்டர், "ஏனுங்க மொதலாளி, நம்ம ஏஜென்ட் பத்தாவது பெயிலுங்க. அவரு இங்கிலீசு பேசற வேகத்துல வெள்ளைக்காரனையே திருப்பிக் கேக்க வெக்கறாரு" என்றார். அப்பாவின் முகம் சிறுத்துவிட்டது.

"நாலு வருசம் படிச்சும் புரியலீன்னா, அஞ்சாவது வருசம் எதுக்கு?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா கண்ணு?"

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

சத்தியத்துக்காக ஆட்டினேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. அத்தை இருந்தால் தலை வலிக்காமல் ஜடை பின்னுவாள், கணக்குப் போட்டுக் கொடுப்பாள். அவள் போகாமல் இருந்துவிட்டால் நல்லது என்று அந்த ஒரு நொடியில் நினைத்தேன். அவளுக்கு எல்லாம் புரிந்தது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதில் நன்றி இருந்தது. இன்றைக்கும் என்னைக் கூசவைப்பது அந்தப் பார்வைதான்.

அவள் ஏன் "சரக்கு நல்லாருக்குன்னாங்க" என்று ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் அன்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அதை நம்பி அப்பா, வராத ஆர்டருக்கு நூல் வாங்கிக் குவித்திருப்பார். உண்மையைச் சொன்னால், அத்தனை பேர் முன்னால் தான் சிரித்த சிரிப்பை நினைத்து நினைத்துக் குன்றிப்போயிருப்பார். அண்ணனுக்கு வலிக்காமல் சொல்ல அவளிடம் இருந்தது தன்னையே மக்காக்கிக்கொள்கிற பொய் ஒன்றுதான். நானோ, அத்தைக்கும் எனக்கும் ஒரு ரகசியம் இருக்கிறது என்ற பெருமையில் சாயங்காலம் முழுக்கக் குதித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அப்பா, விடுதியிலிருந்து அத்தையின் பெட்டியை எடுத்துவர பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினார்.