ஒரு நிமிடம் ஐம்பது நொடி

காட்டில் ஓடுகிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் புள்ளி. பெற்றவர்கள் வைத்த பெயர் அச்சகத்தின் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

வயது நாற்பத்தாறு. மருந்துப் பெட்டிகளுக்கு அட்டை அச்சடிக்கும் இடத்தில் மெஷின்மேன். நான்கு கலரும் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று லென்ஸை வைத்துப் பார்ப்பதுதான் நாள் முழுக்க வேலை. பிசகியிருந்தால் அத்தனை அட்டையையும் கழித்துப் போடச் சொல்வான். முதலாளியே இறங்கி வந்து, "துளிதானேப்பா வெலகியிருக்கு, யாரு பாக்கப் போறா?" என்று கெஞ்சினாலும், "நான் பாத்துட்டேனே சார்" என்பான். அதற்கு மேல் அவனிடம் பேசிப் பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓரியன்டியரிங். வரைபடத்தையும் திசைகாட்டியையும் கையில் கொடுத்துக் காட்டுக்குள் துரத்திவிடுவார்கள். படத்தில் வட்டம் போட்ட இடங்களில் எல்லாம் ஒரு கொடி இருக்கும். ஒன்று, இரண்டு என்று வரிசை மாறாமல் தேடிப் போய், விரலில் மாட்டிய மின்னணுச் சில்லை அங்கே இருக்கும் பெட்டியில் வைத்தால் 'பீப்' என்று கத்தும். எல்லாக் கொடிகளையும் தொட்டுவிட்டுச் சீக்கிரம் திரும்புகிறவன் கெட்டிக்காரன். புள்ளி அப்படியொன்றும் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் அவன் எடுக்கும் வீடியோவுக்குத் தனி மவுசு இருந்தது.

தலையில் கேமராவைக் கட்டிக்கொண்டு ஓடுவான். கையில் ஜிபிஎஸ் கடிகாரம். வீட்டுக்கு வந்து இரண்டையும் கணினியில் சேர்ப்பான். திரையின் இடது பாதியில் அவன் தலை பார்த்த காடு, வலது பாதியில் வரைபடம். அதில் அவன் போன வழியே ஒரு சிவப்புப் புள்ளி ஊர்ந்து போகும். கேமராவில் 'பீப்' கேட்கிற அதே நொடியில் புள்ளி வட்டத்துக்குள் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் நேரத்தைத் தள்ளித் தள்ளி வைத்து நிற்கச் செய்துவிட்டுத்தான் மறுவேலை. தவறாகப் போன வழியை ஒருநாளும் வெட்டமாட்டான். "இங்க பாருங்க, பாறை கண்ணு முன்னாடியே இருக்கு, ஐயா மட்டும் நேரா பள்ளத்துக்குப் போறாரு" என்று அவனே பேசியும் வைப்பான்.

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. உறவு என்றால் அண்ணனும் அண்ணியும்தான். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தம்பியைக் கேலி செய்வதற்கென்றே காட்டுக்கு வந்து, பிறகு தம்பியைவிடப் பைத்தியமாகிப் போனவன். ஓட்டத்தின் நடுவே எங்காவது புதருக்குப் பின்னாலிருந்து, "டேய் புள்ளி, இங்க வாடா!" என்று கத்துவான். கொடிதான் கிடைத்துவிட்டதோ என்று இவன் திரும்பினால் போச்சு. திரும்பியவன் அன்று மதியம் அண்ணி சமைத்த பாத்திரமெல்லாம் கழுவ வேண்டும்; திரும்பாவிட்டால் கூப்பிட்டவன். இது சகோதரர்களுக்குள் சட்டம். இருபது வருடத்தில் அண்ணியின் பாத்திரங்களைப் புள்ளி அளவுக்கு அண்ணிகூடக் கழுவியிருக்க மாட்டாள்.

போன மாதப் பந்தயத்தில் எட்டாம் கொடிக்கும் ஒன்பதாம் கொடிக்கும் நடுவே அந்தக் குரல் கேட்டது. புள்ளி திரும்பவில்லை. சிரித்துக்கொண்டே ஓடினான். முடிவுக் கோட்டைத் தொட்டு, தண்ணீர் குடித்து, இன்றைக்கு அண்ணனை ஜெயித்துவிட்டோம் என்று துண்டை விரித்து உட்கார்ந்திருந்தான். இரண்டு மணி நேரம் கழித்துத் தேடப் போனவர்கள் வறண்ட ஓடையில் அண்ணனைக் கண்டார்கள். மாரடைப்பு என்றார் டாக்டர். உடனே பார்த்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்பதையும் அந்த மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவிட்டார்.

குரல் கேட்டதைப் புள்ளி யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் ஓடிக்கொண்டே கூப்பிட்டானா, விழுந்து கிடந்து கூப்பிட்டானா? அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கேமராவைத் தொடவும் பயம்.

ஒரு சனிக்கிழமை காலை அண்ணி அவன் அறைக்கே வந்துவிட்டாள். கையில் அண்ணனின் கடிகாரம்.

"தம்பி, இதுல அவர் போன வழி இருக்குமாமே. உங்க வீடியோவோட சேத்துப் போட்டுக் காட்டுங்க. கடைசியா எப்படி இருந்தாருன்னு நான் பாக்கணும்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சேர்த்தான். அவனுக்குச் சிவப்புப் புள்ளி, அண்ணனுக்கு நீலம். அந்தக் கேமரா பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை படத்தைத் துண்டாக்கும். துண்டுகளை ஒட்டி, புறப்பட்ட இடத்தில் நேரத்தைப் பொருத்தி ஓடவிட்டான்.

முப்பத்தொன்றாவது நிமிடம். "டேய் புள்ளி, இங்க வாடா!" கூடவே அவன் சொன்ன பதிலும் கேட்டது: "போண்ணா! இன்னிக்குப் பாத்திரம் நீதான்!"

வரைபடத்தில் நீலப் புள்ளி ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் அரை நிமிடம் ஓடிய பிறகுதான் ஓடைக்கருகில் நின்றது. அப்படியானால் விளையாட்டுதான். புள்ளிக்கு ஒரு மாதமாக அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள். "குரலைப் பாருங்க, எவ்வளவு குறும்பு! கடைசி வரைக்கும் கிண்டல் பண்ணிட்டேதான் போயிருக்காரு."

அடுத்து ஒன்பதாம் கொடி வந்தது. 'பீப்' கேட்டது. சிவப்புப் புள்ளி வட்டத்துக்கு வெகு தொலைவில் இருந்தது.

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. அன்று வெயில். இரண்டாம் துண்டுக்கும் மூன்றாம் துண்டுக்கும் நடுவே கேமரா சூடேறி நின்று, பிறகு தானே எழுந்திருக்கிறது. விட்டுப்போன நேரத்தை மனதுக்குள் கணக்குப் போட்டான். ஒரு நிமிடம் ஐம்பது நொடி. அதைச் சேர்த்தால் அண்ணன் கூப்பிட்டபோது நீலப் புள்ளி நின்று ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

அண்ணிக்கு 'பீப்' புரியாது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்படியே போட்டுடுங்க தம்பி, எல்லாரும் பாக்கட்டும்" என்றாள். "நாளைக்குச் சாப்பிட வந்துடுங்க. வரேன் தம்பி."

அவன் அப்படியே இணையத்தில் போட்டான். யார் பார்க்கப் போகிறார்கள் என்று வாழ்க்கையில் முதல் முறையாக நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டில் ஒரு மாதத்துக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பாத்திரத்தையும் கழுவினான்.

செவ்வாய்க்கிழமை மாலை வேலை விட்டு வந்தபோது அண்ணி அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் செல்போன். அவனோடு ஓடும் தபால்காரர், நல்ல மனிதர், வீடியோவின் அடியில் எழுதியிருந்தார்: "அண்ணனுக்கு அஞ்சலி. ஒன்பதாம் கொடியில் சத்தம் வந்தும் சிவப்புப் புள்ளி வந்து சேரவில்லை. ஒரு நிமிடம் ஐம்பது நொடி தள்ளி வைத்தால் சரியாகிவிடும்."

"தள்ளி வெச்சா என்ன ஆகும் தம்பி?"

"ஒண்ணும் ஆகாது அண்ணி."

"அப்ப வெச்சுக் காட்டுங்க."

கணினியைத் திறந்தான். இரண்டு முறை தவறான எண் விழுந்தது. அண்ணி நின்றபடியே பார்த்தாள்.

நீலப் புள்ளி ஓடைக்கு வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. சிவப்புப் புள்ளி மெல்ல அதன் பக்கம் வந்து, ஐம்பது அடி தள்ளிக் கடந்தது. "டேய் புள்ளி, இங்க வாடா!" அதே குரல்தான். சனிக்கிழமை குறும்பாகக் கேட்ட அந்தக் குரலில் இப்போது மூச்சு இல்லாதது தெரிந்தது. "போண்ணா! இன்னிக்குப் பாத்திரம் நீதான்!" கேமரா மரங்களுக்கு நடுவே நேராகப் போனது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தலை திரும்பியிருந்தால் ஓடை படத்தில் விழுந்திருக்கும்.

'பீப்' கேட்டது. சிவப்புப் புள்ளி கச்சிதமாக வட்டத்துக்குள் நின்றது.

"சனிக்கிழமையே உங்களுக்குத் தெரியுமா?"

"பாத்துட்டேன் அண்ணி."

"நீங்க திரும்பாததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. அது உங்க ரெண்டு பேர் வெளையாட்டு. ஆனா தெரிஞ்சுக்கிட்டே என்னைச் சிரிக்க வெச்சுட்டீங்களே."

அவள் காலில் விழலாமா என்று நினைத்தான். அண்ணி மேஜை மேலிருந்த அண்ணனின் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். இருபது வருடமாக 'வரேன் தம்பி' என்று சொல்லிவிட்டுப் போகிறவள், "போறேன்" என்றாள்.