இரண்டு டின் சீஸ்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீட்டில் ஒரு சட்டி மணலுக்கு மேல் பிஸ்கட் வெந்தது. நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். மூடியைத் திறக்கும்வரை நானும் நம்பவில்லை.

அதைச் சுட்டவர் என் அம்மா. இப்படிச் சொல்ல இப்போது எனக்குச் சிரமம் இல்லை, அப்போது இருந்தது. அப்பா இறந்த அடுத்த வருஷம் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். எனக்கு அப்போது நாலு வயது. நாலு வருஷம் கழித்து ஒரு பெரிய சூட்கேசோடு நோர்வூட் பஸ்ஸிலிருந்து இறங்கி, தேயிலை மலையேறி வந்தார். அதுவரை என்னை வளர்த்தவர் அவருடைய அக்கா, என் பெரியம்மா. அம்மா வந்த அன்று நான் பெரியம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இரண்டொரு நாளில் ஒளிவதை விட்டேன். ஆனால் வாயைத் திறந்து அவரை 'அம்மா' என்று கூப்பிட மட்டும் வரவில்லை. போனில்கூட 'ம்', 'சரி' என்று நாலு வருஷம் தப்பித்து வந்தவள் நான். முறை சொல்லாமலே ஒருவரிடம் பேசுவதில் கெட்டிக்காரியாகி இருந்தேன். "பெரியம்மா சாப்பிட வரச் சொன்னாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடிவிடுவேன். அம்மா அதைப்பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

குவைத் வீட்டுக்காரர்கள் அவரைத் திரும்ப வரச் சொல்லியிருந்தார்கள். போகிறாரா இல்லையா என்று ஏஜென்சிக்குத் திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். அடுப்படியில் தினமும் இதே பேச்சுத்தான்.

"போறதா இருக்கறதான்னு நீதான்டி முடிவு பண்ணணும்" என்பார் பெரியம்மா.

"பாப்போம்க்கா" என்பார் அம்மா. சொல்லிவிட்டு என் பக்கம் பார்ப்பார். மழை வருமா வராதா என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதைப்போல நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் அம்மா ஹட்டன் டவுனுக்குப் போய் மாஜரினும் பேக்கிங் பவுடரும் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை சூட்கேசின் அடியிலிருந்து ஒரு நீல நிற டின்னை எடுத்து வைத்து, "இன்னிக்கி பிஸ்கட் சுடப் போறேன்" என்றார்.

பிஸ்கட் என்பது கடையில் பாக்கெட்டில் பிறப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரியப்பாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். அவர் ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு வாசற்படியில் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

டின்னுக்குள் இருந்தது மஞ்சள் நிற சீஸ். ஒரு துண்டு வெட்டித் தந்தார். குளிக்கிற சவர்க்காரத்தில் உப்புப் போட்ட மாதிரி இருந்தது, ஆனாலும் துப்பாமல் விழுங்கினேன். பால்மா டின்னின் மூடியில் ஆணியால் வரிசையாக ஓட்டை போட்டு, அதில் பாதிச் சீஸைத் தேய்த்துத் துருவினார். கோதுமை மாவில் பேக்கிங் பவுடரையும் உப்பையும் கலந்து, மாஜரினை விரல் நுனியால் பிசிறிவிட்டார். வெள்ளைப்பூட்டைத் தட்டி, துருவிய சீஸோடு போட்டார். பால்மாவைக் கரைத்து, தேசிக்காய் பிழிந்து, அது திரிந்ததும் ஊற்றி, கரண்டியால் நாலே நாலு தடவை கிளறினார். அவ்வளவுதான். மா கட்டியும் முட்டியுமாகக் கிடந்தது. அப்படியே மூடி வைத்துவிட்டு, கை கழுவத் தண்ணீர் விழும் பீலிக்குப் போனார்.

வந்தது வினை. பெரியம்மா மூடியைத் தூக்கிப் பார்த்தார். இருபது வருஷமாகத் தினமும் விடிவதற்கு முன் எழுந்து, கொழுந்து பறிக்கப் போவதற்குள் வீட்டுக்கே ரொட்டி தட்டுகிறவர் அவர். பிசையாத மாவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அந்தக் கையால் முடியுமா?

"பாவம், நாலு வருஷத்துல மா பெசையக்கூட மறந்துட்டா" என்று சொல்லி, தங்கையின் மானத்தைக் காப்பாற்றும் வேகத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து பிசைந்தார். மா பளபளவென்று பந்தாக உருண்டது. நானும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த அம்மா பாத்திரத்தைப் பார்த்தார்.

"அக்கா, இதத் தொட்டீங்களா?"

"தொட்டேனாவா? நல்லா பெசஞ்சு வச்சிருக்கேன்டி."

அம்மா அதையே உருட்டிச் சட்டியில் வேகவைத்தார். வெந்து வந்தவை கூழாங்கல்லுக்குத் தம்பிகள். பெரியப்பா ஒன்றைப் பிளேன்டீயில் போட்டுவிட்டு ரொம்ப நேரம் காத்திருந்தார். "ஊறவே மாட்டேங்குதே" என்றார் கடைசியில். பெரியம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து அம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு பெரியம்மாவும் சிரித்தார். சிரிக்கும்போது இருவருக்கும் ஒரே முகம் என்பதை நான் அன்றுதான் கவனித்தேன்.

மிச்சப் பாதிச் சீஸ் இருந்தது. இந்த முறை அம்மா என்னை அருகில் கூப்பிட்டு, மாப் பாத்திரத்துக்குக் காவல் வைத்தார். "யாரு வந்தாலும் கை வைக்க விடக்கூடாது, பெரியம்மாவையும்தான்" என்றார். அடுப்பில் பெரிய அலுமினியச் சட்டி, அதன் அடியில் ஆற்றுமணல், மணலில் கவிழ்த்த ஒரு டின். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் நின்று எரிந்தன. சட்டிக்கு மேலே உள்ளங்கையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"அங்க அடுப்புல நம்பர் இருக்கும். இங்க கைதான் நம்பர்."

நான் அவரை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். நெருப்பை இப்படிக் கையால் அளக்கிறவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. என்னிடம் கரண்டியைத் தந்து, மாவை அள்ளித் தட்டில் அப்படியே விழவிடச் சொன்னார். உருட்டக்கூடாது, தட்டக்கூடாது, விழுந்தது விழுந்தபடி கிடக்க வேண்டும். பதினோரு கட்டி விழுந்தது. தட்டைச் சட்டிக்குள் டின்னின் மேல் இறக்கி, மூடி, மூடியின் மேல் தணலை அள்ளிப் பரப்பினார். மேலேயும் நெருப்பு, கீழேயும் நெருப்பு.

"அந்த வீட்டுச் சின்னவளுக்கு ஒன் வயசுதான்" என்றார் அம்மா, தணலைச் சரிசெய்துகொண்டே. "அடுப்புக் கண்ணாடிக்கு முன்னால உக்காந்துக்கிட்டு, ஆச்சா ஆச்சான்னு கேட்டுக்கிட்டே இருப்பா."

"அடுப்புல கண்ணாடி இருக்குமா? உள்ளுக்க எல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

அம்மா இன்னும் ஏதோ சொல்ல வந்தார். நான் அந்தக் கண்ணாடியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வாசனை வந்தது. வெள்ளைப்பூடும் சீஸும் சேர்ந்த வாசனை லயத்தின் கடைசி வீடுவரை போய் ஆளைக் கூட்டி வந்தது. மூடியைத் தூக்கியதும் நான் எட்டிப் பார்த்தேன். நான் போட்ட கோணல் கட்டிகள் ஒவ்வொன்றும் குட்டிப் பன் மாதிரி இரண்டு பங்காக ஊதி, பொன்னிறத்தில் வெடித்து, வெடிப்பில் சீஸ் கொதித்துக்கொண்டிருந்தது. லீக்ஸ் தண்டின் நுனியைக் கிழித்துத் தூரிகையாக்கி, பூடு போட்டு உருக்கிய மாஜரினை அம்மா மேலே தடவினார். சுர்ரென்றது. ஒன்றைப் பிட்டு ஊதி என் வாயில் வைத்தார். சவர்க்காரம் என்று நினைத்தது நூலாக இழுபட்டது, உப்பும் வெண்ணெயுமாகக் கரைந்தது. இவ்வளவும் தெரிந்தவரா நம் வீட்டில் இருக்கிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கூட்டம் கலைந்த பிறகு தட்டில் ஒன்றுதான் மிஞ்சியது. அதை என் கையில் கொடுத்துவிட்டு அம்மா பக்கத்தில் குந்தினார்.

"நல்லாருக்கா பாப்பா?"

தலையை ஆட்டினேன்.

"நான் இங்கயே இருந்தா, நெனச்சப்பல்லாம் செஞ்சு தருவேன்."

நான் நீல டின்னை எடுத்து உள்ளே பார்த்தேன். வெறும் டின். குவைத்தில்தான் சீஸ் விளைகிறது என்பது எனக்கு உறுதி. இவ்வளவு பெரிய வித்தைக்காரர் சீஸ் இல்லாமல் என்ன செய்வார்? எனக்கு அவர்மேல் பொங்கி வந்த மதிப்பையெல்லாம் திரட்டி, முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"டின் முடிஞ்சிருச்சே. நீங்க போயி, இன்னும் ரெண்டு டின் கொண்டாங்கம்மா."

பெரியம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினார். அம்மா டின்னை வாங்கி, அதன் அடியைக் கத்தியால் கொஞ்ச நேரம் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு "சரி, கொண்டாறேன்" என்றார். நான் பிஸ்கட்டைத் தூக்கிக்கொண்டு, எங்க அம்மா செஞ்சது, எங்க அம்மா செஞ்சது என்று லயம் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் அம்மா ஏஜென்சிக்குப் போனார். மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது சூட்கேசைத் திறந்து, நான் கேட்டபடியே இரண்டு டின்களை எடுத்து வைத்தார். சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்த டின்னை ஹட்டன் கடைகளில் எப்போதும் அடுக்கி வைத்திருப்பார்கள் என்பது எனக்கு அப்போதும் தெரியாது. மாஜரின் வாங்கப் போன அன்றே அம்மாவுக்குத் தெரியும்.