ஜார்ஜியாவுக்கு ஆள் பிடிக்கும் வேலை

இன்று வடக்கே வாகட் பகுதி மாலில் ஜார்ஜியா நாட்டுச் சுற்றுலா ஸ்டால். அந்த நாட்டுக்கு இங்கிருந்து ஆள் பிடிப்பதுதான் என் வேலை. பனிமலைப் படத்தின் முன்னால் நின்று இந்தியில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு நடுவயதுத் தம்பதி வந்து நின்றார்கள். அந்த அக்கா புருஷனிடம் தமிழில் கேட்டார்: "ஏனுங்க, அங்க போயி சோத்துக்கு என்னங்க பண்றது?"

"கம்முனு இரு. சும்மா பேனா குடுப்பாங்க, வாங்கிட்டுப் போயிரலாம்."

எனக்குத் தமிழ் புரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. நானும் காட்டிக்கொள்ளவில்லை. அடுப்பு வைத்த அறை இருக்கிறது, கடையில் அரிசி கிடைக்கும் என்று இந்தியிலேயே எடுத்துவிட்டேன்.

"கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லுது பாருங்க. கெட்டிக்காரப் புள்ள!"

ஆள் விழுந்தாச்சு என்ற தெம்பில் பேனாவை நீட்டி, "போயிட்டு வாங்கண்ணா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

அண்ணன் முகத்தில் அசடு வழிந்தது. ஒரு நொடிதான். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நம்மூருப் புள்ளையா? இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் கெடக்கட்டும். இப்பத் தமிழ்ல சொல்லும்மா, நெசமாலுமே நல்லாருக்குமா? நீ போயிருக்கியா?"

"இல்லீங்கண்ணா. எனக்குப் பாஸ்போர்ட்டே இல்லீங்க."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, நாங்க போயிப் பாத்துட்டு வந்து உனக்குச் சொல்றோம்" என்று பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டே போனார்கள்.

நாளையும் ஸ்டாலில் நான்தான். ஜார்ஜியா போய்வந்தவர்கள் கீழே சொல்லுங்கள். தமிழில் கேட்டால் பொய் வரமாட்டேன் என்கிறது.