வாப்பாவுக்குக் கிடைத்த படகு

கடல் வந்து போன மறுவருஷம் எங்கள் வாப்பாவுக்கு ஒரு படகு கிடைத்தது. வாப்பா கோதுமை மாவில் பாண் சுடுகிறவர். கடலில் கால் நனைத்தாலே அவருக்குத் தலை சுற்றும்.

மருதமுனைக் கடற்கரையில் எங்கள் வீடு. பக்கத்திலேயே பாண் சுடும் போறணை. கடல் இரண்டையும் கொண்டு போனது. நாங்கள் மிஞ்சினோம். வாப்பா கேட்டது போறணை. உதவிக்கு வந்த நிறுவனத்திடம் இருந்தது படகு. கடற்கரை வீடு என்றால் மீன்பிடிக்காரர் வீடுதான் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். காசு ஏதோ குளிர் நாட்டுக்காரர் கொடுத்தது. எஞ்சின் ஜப்பான். விற்கவும் கூடாதாம்.

"இனித் தோணியிலயா பாண் சுடப் போறீங்க?" என்று உம்மா கேட்டா.

படகு எங்கள் தகரக் கொட்டிலுக்கு முன்னால் கிடந்தது. உம்மா அதில் உடுப்புக் காயப்போட்டா. பிள்ளைகள் நாங்கள் அதில் ஏறி ஹஜ்ஜுக்குப் போய் வந்தோம். எங்கள் சிவப்புக் கோழி முன்பலகைக்குக் கீழே அடை கிடந்தது.

ஒரு காலை நிறுவனத்து ஆள் சைக்கிளில் பறந்து வந்தார். வாப்பா கடலுக்குப் போவதைப் படம் எடுக்க வெள்ளைக்காரர் வருகிறார்களாம். படகு சும்மா கிடப்பதைக் கண்டால் திருப்பி எடுத்துவிடுவார்களாம்.

வாப்பா பக்கத்து ஊர் பெரியநீலாவணைக்கு ஓடினார். முன்பெல்லாம் எங்களிடம் பாண் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகும் தமிழ் மீனவர் ஒருவர் அங்கே இருந்தார். அவருடைய தோணியும் போயிருந்தது. படகு கொடுத்த நேரம் அவர் திருக்கோவில் ஊரில் சொந்தக்காரர் வீட்டில். திரும்பி வந்தபோது மிஞ்சியிருந்தது ஒரு தையல் மெஷின். அதைக் கொடுத்து அனுப்பினார்கள். யுத்தத்தில் தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பக்கமும் ஊர் விட்டு ஊர் போக யோசித்த காலம் அது. அவர் யோசிக்கவில்லை, வந்தார்.

"காக்கா, நீந்தத் தெரியுமா?" என்று வாப்பாவை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"தெரியா."

"தோணியில போயிருக்கீங்களா?"

"புள்ளயளோட ஹஜ்ஜுக்குக் கூடப் போகல்ல."

"அப்ப வாயப் பொத்திக்கிட்டு இருங்க. படத்துக்கு மட்டும் சிரிங்க."

எல்லாரும் சேர்ந்து படகைத் தள்ளினார்கள். கோழியை எல்லாருமே மறந்துவிட்டோம். முதல் அலை அடித்ததும் அது கத்திக்கொண்டு பறந்து வந்து வெள்ளைக்காரப் பெண்ணின் தொப்பியில் இறங்கியது. அவ கத்தினா. பிறகு விழுந்து விழுந்து சிரித்தா. படம் எடுக்க வந்தவர் கோழியைத்தான் எடுத்தார்.

"அல்லாஹ்வே, என்ட முட்டை!" என்று உம்மா கரையில் நின்று கூவினா.

வாப்பாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். முட்டைகளைப் பொறுக்கி உடுத்திருந்த சாரனில் கட்டி மடியில் வைத்துக்கொண்டார். பிடித்துக்கொள்ளக் கையில்லை. அப்படியே ஆடிக்கொண்டு போனார்.

அலை தாண்டியதும் எஞ்சின் நின்றது. இருவரும் ஏதோ கதைத்தார்கள். திடீரென்று கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்தபோது வாப்பாவின் சாரன் முழுவதும் மஞ்சள்.

"பயந்தாங்கொள்ளி! பயத்தில ஆளக் கட்டிப் புடிச்சி முட்டையெல்லாம் நாசம்" என்றா உம்மா. வாப்பா சிரித்தார்.

அடுத்த நாள் படகைக் காணவில்லை. அந்த இடத்தில் தையல் மெஷின் நின்றது. சீனாவில் செய்தது. உம்மா அதைத் துடைத்தா, திரும்பவும் துடைத்தா. பெருநாளுக்கு எங்களுக்கெல்லாம் ஒரே துணியில் சட்டை. வாரம் தவறாமல் படகிலிருந்து மீன் பங்கும் வந்தது. அதை விற்ற காசில் போறணை எழும்பியது. கோதுமை மா எப்போதும் போலக் கப்பலில் வந்தது. எல்லா நாடும் சேர்ந்துதான் எங்கள் ஊர்ப் பாண் வெந்தது.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு நாள் அந்த மீனவர் பாண் வாங்க வந்தார். நான் பழைய முட்டைக் கதையைச் சொல்லி வாப்பாவைக் கேலி பண்ணினேன்.

"உங்கட வாப்பா எங்க புள்ள என்னப் புடிச்ச?" என்றார் அவர். "'தோணி இனி உனக்குத்தான்' எண்டார் காக்கா. நான்தான் புடிச்சன்."

முட்டையை உடைத்துவிட்டார் என்று படம் எடுத்த அந்த நாள் முழுக்க நான் வாப்பாவோடு கதைக்கவில்லை.