கேக்குக்கு வைத்த வெண்ணெய்

செல்லூரில் எங்களுடையது கூட்டுக்குடும்பம். என் கணவரின் அண்ணன் மனைவியும் நானும் ஒரே அடுப்படியில்தான் சமைக்கிறோம். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காத இரண்டு பேருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

போன சித்திரையில் எனக்கு முதல் கேக் ஆர்டர் வந்தது. நாகமலை புதுக்கோட்டையில் ஒரு டீச்சரம்மா கேட்டிருந்தார். கேக் பிடித்துவிட்டால் குடியிருப்பு முழுக்கச் சொல்கிறேன் என்றார். எனக்கு அது போதும், பிழைத்துக்கொள்வேன்.

என்னிடம் மெஷின் கிடையாது. வெண்ணெயையும் சர்க்கரையையும் கையால்தான் அடிக்க வேண்டும். வெண்ணெய் இளக வேண்டும், சித்திரை வெயிலில் உருகிவிடக் கூடாது. கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கி வைத்துவிட்டு, முட்டை வாங்கக் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் வீடெல்லாம் முருங்கைக்கீரை வாசம். அடுப்பில் என் வெண்ணெய் நெய்யாகிக் கொண்டிருந்தது.

“வெளிய கெடந்து வீணாப் போகுதேன்னு காய்ச்சிட்டேன். உனக்குத்தேன் வீட்டு நெனப்பே இல்லையே,” என்றாள் மூத்தவள்.

வெண்ணெய் வெளியே இருந்தால் நெய்க்கு என்றுதான் இந்த ஊரில் யாரும் நினைப்பார்கள். ஆனால் நான் போனில் ஆர்டர் பேசியதை ஒட்டுக்கேட்டவள் இவள். வேண்டுமென்றேதான் காய்ச்சியிருக்கிறாள்.

ஓடிப்போய் வேறு வெண்ணெய் வாங்கி வந்தேன். சர்க்கரையையும் கொட்டி, கிண்ணத்தை அவள் மடியில் வைத்தேன்.

“நீங்கதேன் அடிக்கணும்க்கா. இல்லைன்னா அத்தை வந்ததும் நடந்ததச் சொல்லிருவேன்.”

மாமியார் ஒருத்திக்குத்தான் அவள் பயப்படுவாள். முறைத்துக்கொண்டே கையை உள்ளே விட்டாள்.

“இன்னும் எம்புட்டு நேரம்டி? தோள்பட்டை விட்டுப் போச்சு.”

“சர்க்கரை நறநறங்கிறது நிக்கணும். வெண்ணெய் வெளுக்கணும். அடிங்க.”

அவள் கண்ணில் தண்ணீர் கட்டியது. எனக்கு இரக்கமே வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

கேக் நன்றாக எழும்பி வந்தது. சாயங்காலம் வந்த டீச்சரம்மா, மேலே சீவி எடுத்த துண்டை வாயில் போட்டுப் பார்த்தார்.

“பஞ்சு மாதிரி இருக்கே, எப்படிம்மா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சிவந்த உள்ளங்கையை நீட்டினாள்.

“ஒரு மணி நேரம் இந்தக் கையாலதேன் அடிச்சேன் டீச்சர். மெஷினெல்லாம் கெடையாது.”

அதைப் பொய் என்று நான் எப்படிச் சொல்ல? டீச்சரம்மா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். குடியிருப்பில் எல்லோருக்கும் கொடுப்பதற்கு அவளுடைய நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.